உரமே போடாத காட்டில் மரத்துக்குத் தழைச்சத்து எங்கிருந்து வருகிறது?

கொடுக்காப்புளி:
வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி இது. வயலுக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வைக்காமல் விட்டால் ஓரிரு போகத்திலேயே பயிர் வெளிறிப்போகிறது. காட்டில் முந்நூறு வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் மரத்துக்கு யாரும் ஒரு பிடி யூரியா தூவியதில்லை. ஆனாலும் வருடம் தவறாமல் தழைக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே, இலை வழியாக இழுத்துக்கொள்ளும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். எனக்கு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பராக்கு:
பின்தொடர.

வேர்நோக்கி:
உங்கள் நண்பர் சொன்னதில் 78 சதவீதம் மட்டும் சரி, மீதி தவறு. காற்றிலுள்ள நைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாக, மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி எந்த மரத்திடமும் கிடையாது. பாக்டீரியா போன்ற சில நுண்ணுயிர்களிடம் மட்டுமே உண்டு. மரம் அந்தக் காற்றுக்கு நடுவிலேயே நின்றுகொண்டு தழைச்சத்துக்கு ஏங்கும்.

அப்புறம், வயலையும் காட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வயலில் விளைந்த தானியத்தையும் வைக்கோலையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். போன சத்துக்கு ஈடு வைத்தாக வேண்டும். காட்டில் விழுந்தது விழுந்த இடத்திலேயே மட்குகிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில் 1970களில் இதற்கு வரவு செலவுக் கணக்கே போட்டுவிட்டார்கள். மழையோடு இறங்கும் நைட்ரஜன் எக்டேருக்கு வருடம் ஆறேழு கிலோ. மரங்கள் மண்ணிலிருந்து எடுப்பதோ 80 கிலோ அளவில். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்புவது மண்ணிலிருக்கும் மட்கு. அதில் எக்டேருக்கு ஆயிரக்கணக்கான கிலோ நைட்ரஜன் அடைந்து கிடக்கிறது. அதில் ஒரு சிறு பங்குதான் ஒவ்வொரு வருடமும் வேருக்கு எட்டும் வடிவத்துக்கு வருகிறது.

ஆக, காட்டு மரம் புதிய நைட்ரஜனில் வாழ்வதில்லை, பழையதைச் சுழற்றித்தான் வாழ்கிறது. அந்தச் சுழற்சியில் ஒரு பகுதி மண்ணில், ஒரு பகுதி மரத்தின் உடம்புக்குள். உடம்புக்குள் நடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இலையுதிர் வந்தால் அதைச் சொல்வார், அவருடைய துறை அது.

கொடுக்காப்புளி:
நன்றி சார். காட்டில் சருகை அள்ளிக்கொண்டே இருந்தால் அதுவும் வயல் மாதிரி ஆகிவிடுமா?

வேர்நோக்கி:
ஆகிவிட்டது. நடு ஐரோப்பாவில் பல நூறு வருடம் மாட்டுத் தொழுவத்தில் படுக்கையாகப் போடக் காட்டுச் சருகை வாரிக்கொண்டு போனார்கள். சாணத்தோடு அது வயலுக்குப் போனது. வயல் பிழைத்தது, காடு இளைத்தது. மரங்கள் குட்டையாக, வெளிறி நின்றன. வாருவதை நிறுத்தியபின் பல இடங்களில் வளர்ச்சி மெல்ல மீண்டது. இலையில் உலர் எடைக்கு ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் நைட்ரஜன் இருக்கும், கட்டையில் அதில் பத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. மரத்தை வெட்டி எடுப்பதைவிட வருடாவருடம் சருகை அள்ளுவது தழைச்சத்துக் கணக்கில் மோசமான வேலை.

சருகுமேடு:
பள்ளியில் படித்தது: செடி நைட்ரேட்டாகத்தான் நைட்ரஜனை எடுக்கும். காட்டிலும் அதேதானா?

வேர்நோக்கி:
உழுத வயலுக்கு அது ஓரளவு பொருந்தும். காட்டு மண்ணில் மூன்று வடிவம் கிடைக்கிறது: அமோனியம், நைட்ரேட், புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலம். குளிர்ந்த, அமிலம் மிகுந்த மண்ணில் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் சோம்பிக் கிடக்கும். அங்கே வளரும் ஊசியிலை மரங்களும் அதற்கேற்பவே பழகியிருக்கின்றன. வெள்ளை ஸ்புரூஸ் வேர் அமோனியத்தை நன்றாக உறிஞ்சும், நைட்ரேட்டைக் கொடுத்தால் திணறும் என்று 1997-இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. ஆஸ்பென், பிர்ச் போன்ற முன்னோடி மரங்கள் அப்படியில்லை. வெட்டிய இடத்தில், தீப்பட்ட இடத்தில் நைட்ரேட் பெருகும்போது அவை பாய்ந்து எடுத்துக்கொள்ளும்.

நைட்ரேட் ஒன்றும் இலவசமில்லை. உள்ளே எடுத்தபின் அதை அமோனியமாக மாற்ற ஒவ்வொரு மூலக்கூறுக்கும் எட்டு எலக்ட்ரான் செலவு. நல்ல வெயிலில் நிற்கும் மரம் இதை இலையிலேயே, ஒளிச்சேர்க்கையில் மிஞ்சும் ஆற்றலைக் கொண்டு முடித்துவிடும். வேரில் வைத்துச் செய்தால் சர்க்கரையைத்தான் எரிக்க வேண்டும்.

அமினோ அமிலம் விஷயம் பல வருடம் நம்பப்படாமல் கிடந்தது. 1998-இல் வட சுவீடன் காட்டில் கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் கார்பன், நைட்ரஜன் இரண்டுக்குமே ஐசோடோப் (எடை வேறுபட்ட அணு) அடையாளமிட்டு மண்ணில் செலுத்திப் பார்த்தார்கள். வேரில் இரண்டு அடையாளமும் சேர்ந்தே தென்பட்டன. அதாவது பாக்டீரியா உடைத்துத் தரும்வரை காத்திராமல் மூலக்கூறை முழுசாகவே விழுங்கியிருக்கிறது. பைன், ஸ்புரூஸ் மட்டுமில்லை, தரையோரப் புதரும் புல்லும்கூட.

காளான்குடை:
இதில் வேருக்கே பெயர் போகிறது, வேலை செய்பவனைக் காணோம் :) பைன், ஓக், பீச், டிப்டெரோகார்ப் வகை மரங்களின் சல்லிவேர் நுனியைத் தோண்டிப் பாருங்கள். உரோமம் ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது. குட்டையாக, தடித்து, சில சமயம் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து, வெள்ளையோ மஞ்சளோ கறுப்போ ஒரு உறை போர்த்திக்கொண்டிருக்கும். அந்த உறை முழுக்கப் பூஞ்சை. உள்ளே வேரின் வெளிச் செல்களுக்கு நடுவில் வலை மாதிரி நுழைந்து நிற்கும். வெளியே அதன் இழைகள் சல்லிவேர் நுழையவே முடியாத சந்துகளில் ஓடும். அந்த மரத்துக்கும் மண்ணுக்கும் நேரடித் தொடர்பு என்பதே மிகக் குறைவு.

எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. லக்காரியா பைகலர் என்று ஒரு காளான். மட்கில் துள்ளித் திரியும் வால்பூச்சி வகை நுண்பூச்சிகளை அது செயலிழக்க வைத்து, இழைகளை உடம்புக்குள் விட்டு நைட்ரஜனை உறிஞ்சுகிறது. 2001-இல் வந்த ஆய்வில், அந்தப் பூச்சிகளுக்கு முதலில் அடையாளமிட்ட நைட்ரஜனை ஊட்டிவிட்டு, பிறகு வெள்ளைப் பைன் கன்றும் காளானும் இருந்த தொட்டியில் விட்டார்கள். கன்றிலிருந்த நைட்ரஜனில் 25 சதவீதம் வரை பூச்சியிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. பைன் மரம் மறைமுகமாக அசைவம்!

பராக்கு:
சைவ மரம் எது என்று ஒரு பட்டியல் போடுங்கள் ஐயா.

எதிர்க்கேள்வி:
//அந்த மரத்துக்கும் மண்ணுக்கும் நேரடித் தொடர்பு என்பதே மிகக் குறைவு//

சரி. ஆனால் இதிலிருந்து "பூஞ்சை மரத்துக்கு ஊட்டி வளர்க்கிறது" என்று தாவுகிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பூஞ்சையும் ஒரு உயிர். அதன் உடம்புக்கும் நைட்ரஜன் வேண்டும். சுவீடன் ஆய்வாளர்கள் சிலர் 2013-இல் நேராகவே கேட்டார்கள்: வடக்குக் காடுகளில் இந்தப் பூஞ்சைகள் பஞ்சத்தைத் தணிக்கின்றனவா, கூட்டுகின்றனவா? மண்ணில் நைட்ரஜன் அருகிப்போகும்போது பூஞ்சை தனக்கென்று அதிகம் வைத்துக்கொள்கிறது. மரம் பதறிப்போய் இன்னும் சர்க்கரையைக் கீழே அனுப்புகிறது. அதை வாங்கிப் பூஞ்சை மேலும் படர்ந்து இருக்கிற கொஞ்சத்தையும் தன் இழைக்குள் பூட்டிக்கொள்கிறது. இதில் தாய் யார், சேய் யார்?

மரங்கள் பூஞ்சை வலை வழியாக ஒன்றுக்கொன்று சத்து அனுப்பி உதவுகின்றன என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதையும் 2023-இல் மூன்று ஆய்வாளர்கள் அலசினார்கள். களத்தில் கிடைத்திருக்கும் சான்று பேச்சின் அளவுக்கு இல்லை என்பதுதான் அவர்கள் முடிவு.

காளான்குடை:
வலை பற்றிய மிகைப்பேச்சு எனக்கும் எரிச்சல்தான், அதில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் பூஞ்சையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பைன் இயற்கையாக இல்லாத புவேர்ட்டோ ரிக்கோவில் பைன் நட்டுப் பார்த்தார்கள். கன்றுகள் மஞ்சளாகிச் சாவதும் குறுகி நிற்பதுமாக இருந்தன. உரிய பூஞ்சையோடு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தபின்தான் எழுந்தன. கந்துவட்டிக்காரன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒருவன்தான் கடன் தருகிறான்.

எதிர்க்கேள்வி:
அங்கே பாஸ்பரஸ் பற்றாக்குறையும் சேர்ந்திருந்தது. அதை முழுக்க நைட்ரஜன் கணக்கில் எழுத முடியாது. மற்றபடி கந்துவட்டிக்குச் சம்மதம்.

இலையுதிர்:
தாமதமாக வந்துவிட்டேன், வேர்நோக்கி அண்ணா விட்ட இடத்தில் தொடர்கிறேன். எடுத்ததை மரம் என்ன செய்கிறது?

முதலில் எங்கே செலவாகிறது என்று பார்ப்போம். இலையிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ முக்கால் பங்கு பசுங்கணிகத்துக்குள் இருக்கிறது. அதிலும் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற ஒற்றைப் புரதமே பெரும்பங்கு தின்றுவிடும். அது மந்தமான நொதி, அதனால் ஏராளமாக வேண்டியிருக்கிறது. இத்தனை விலைகொடுத்துக் கட்டிய இலையை அப்படியே உதிர்த்துவிட்டால் மரம் திவாலாகிவிடும். உதிர்ப்பதற்கு முன் பிரித்து எடுக்கிறது. பச்சையமும் புரதங்களும் உடைந்து, அமினோ அமிலங்களாக ஃபுளோயம் என்ற உணவுக் குழாய் வழியே கிளைக்கும் பட்டைக்கும் இறங்குகின்றன. சுவீடனின் உமியோ நகரில் ஒரே ஒரு ஆஸ்பென் மரத்தை இலையுதிர் காலம் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். இலை நைட்ரஜனில் சுமார் 80 சதவீதத்தை அது மீட்டுக்கொண்டது. எல்லா மரமும் அவ்வளவு கெட்டி இல்லை. பொதுவாகப் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணா சொன்ன ஹப்பர்ட் புரூக் காட்டிலும் வருடத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு இப்படி மரத்துக்குள்ளிருந்தே வருகிறது.

இறங்கியது எங்கே போகிறது? குளிர்காலத்தில் ஒரு பாப்லர் குச்சியை மெல்லிசாகச் சீவி, புரதத்துக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும். பட்டையின் உள்பகுதிச் செல்கள் ஒவ்வொன்றும் புரத உருண்டைகளால் அடைந்து கிடக்கும். அதே மரத்தில் கோடையில் அந்தச் செல்களுக்கு நடுவில் பெரிய வெற்றுக் குமிழிதான் தெரியும். பட்டைச் சேமிப்புப் புரதம் என்று இதற்குப் பெயர். அது சேர்வதற்குக் குளிர்கூடத் தேவையில்லை, பகல் நேரம் சுருங்கினாலே போதும். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அரிசிப் பானைக்குள் போட்டுவைக்கும் சிறுவாடு மாதிரி, கண்ணில் படாத இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது.

எல்லா மரமும் புரதமாகவே வைப்பதில்லை. ஆப்பிள், பைன் போன்றவை ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமாகவும் வைக்கும். ஆறு கார்பனுக்கு நான்கு நைட்ரஜன் ஏந்தும் மூலக்கூறு அது, இடத்தை அடைக்காது. பசுமை மாறா மரங்கள் பெரும்பாலும் இலையிலேயே வைத்துக்கொள்ளும். ஸ்காட்ஸ் பைனில் போன வருடத்து ஊசிகள்தான் கிடங்கு. அங்கே ரூபிஸ்கோ வேலையும் பார்க்கும், சேமிப்பாகவும் இருக்கும்.

வசந்தத்தில்தான் வேடிக்கை. மொட்டு விரியும்போது மண் இன்னும் ஜில்லென்று இருக்கும், வேர் சரியாக விழித்திருக்காது. அந்த நேரத்தில் சைலம் என்ற நீர்க் குழாயில் ஏறும் சாற்றைப் பிடித்துப் பார்த்தால் குளுட்டமின், அஸ்பராஜின், பிர்ச்சில் சிட்ருலின் என்று அமினோ அமிலங்கள் வழியும். எல்லாம் கிடங்கிலிருந்து கிளம்பியவை. நைட்ரஜன்-15 என்ற ஐசோடோப்பால் அடையாளமிட்டுப் பார்த்த பல இனங்களில் முதல் இலைகள் பெருமளவு போன வருடத்துச் சரக்கிலேயே கட்டப்படுகின்றன.

சருகுமேடு:
அப்படியென்றால் ஒரு மரம் இந்த வசந்தத்தில் செழிப்பாகத் துளிர்த்தால் அதற்குக் காரணம் போன வருடமா?

இலையுதிர்:
பெரும்பாலும். புழு வந்து கோடையில் முழு இலையையும் மொட்டையடித்துவிட்டால் அடுத்த வசந்தத்தில் துளிர் சிறுத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். இலையோடு சேர்த்துக் கிடங்குக்குப் போக வேண்டியதையும் அது தின்றுவிடுகிறது. முன்கூட்டியே கடும் உறைபனி விழுந்து இலை பச்சையாகவே கருகினாலும் அதே நஷ்டம்.

விதிவிலக்கு ஒன்று: ஆல்டர் மரம் இலையைப் பச்சையாகவே உதிர்க்கும். மீட்பதற்கு அவ்வளவு மெனக்கெடாது. காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாத் தொழிற்சாலையை வேரிலேயே வைத்திருக்கிறது.

கொடுக்காப்புளி:
வேர்முடிச்சா? அது பயறு வகைக்குத்தானே?

வேர்நோக்கி:
பயறுக் குடும்ப மரங்களில் ரைசோபியம் வகை பாக்டீரியா. ஆல்டரிலும் நம் சவுக்கிலும் ஃபிராங்கியா என்ற வேறொரு வகை. இழை இழையாக வளரும் அது. இரண்டுக்கும் செலவு ஒன்றுதான்: ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்). அதனால் மண்ணில் சும்மா கிடைக்கும்போது பல வெப்பமண்டல மரங்கள் முடிச்சைச் சுருக்கிக்கொள்ளும், பற்றாக்குறை வந்தால் பெருக்கும். பனாமாவில் மேய்ச்சல் நிலம் மீண்டும் காடாக எழும் இடங்களில் பார்த்தார்கள். முதல் 12 வருட வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜனில் பாதிக்குமேல் இந்த மரங்கள் வழியாக வந்திருக்கிறது. காடு முதிர்ந்தபின் பெரும்பாலானவை அந்த வேலையைக் கைவிட்டுவிட்டன.

வடக்குக் காடுகளில் இப்படிப்பட்ட மரம் குறைவு. அங்கே தரையை மூடியிருக்கும் இறகுப்பாசியின் இலையிடுக்கில் நாஸ்டாக் என்ற நீலப்பச்சை பாக்டீரியா குடியிருந்து எக்டேருக்கு வருடம் ஒன்றரை, இரண்டு கிலோ சேர்க்கிறது. அற்பம் மாதிரித் தெரியும். ஆயிரம் வருடம் பெருக்கிப் பாருங்கள்.

எதிர்க்கேள்வி:
இன்னொரு பக்கம். காற்றில் கரியமில வாயு கூடக்கூட மரம் கொழித்து வளர்ந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசியில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் ஸ்வீட்கம் மரத்தோப்புக்குக் குழாய் வைத்துக் கூடுதல் கரியமில வாயு கொடுத்தார்கள். 2001 முதல் 2003 வரை வளர்ச்சி 24 சதவீதம் அதிகம். 2008-இல் அது 9 சதவீதம். ரூபிஸ்கோ கட்ட நைட்ரஜன் இல்லாமல் வெறும் கார்பனை வைத்துக்கொண்டு மரம் என்ன செய்யும்?

கொடுக்காப்புளி:
அப்போ காட்டுக்கும் யூரியா போட்டுவிட்டால்?

எதிர்க்கேள்வி:
மாசசூசெட்ஸின் ஹார்வர்ட் காட்டில் 1988-இலிருந்து போட்டுப் பார்த்தார்கள், யூரியா இல்லை, அமோனியம் நைட்ரேட். அதிக அளவு வைத்த பைன் தோப்பில் கொஞ்ச வருடத்தில் வளர்ச்சி சரிந்து, மரங்கள் கணிசமாகப் பட்டுப்போயின. பக்கத்து அகலஇலைக் காட்டில் ஓக் மரங்கள் கூடுதலாகவே வளர்ந்தன. எல்லோருக்கும் ஒரே பந்தி பரிமாற முடியாது. மரமும் நுண்ணுயிரும் எடுத்தது போக மீதி நைட்ரேட்டாக ஓடும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

வேர்நோக்கி:
ஓடுவது எவ்வளவு என்பதற்கும் ஹப்பர்ட் புரூக்கிலேயே பதில் இருக்கிறது. 1965 கடைசியில் ஒரு நீர்ப்பிடிப்பு முழுக்க மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, களைக்கொல்லி அடித்து மூன்று வருடம் எதையும் முளைக்கவிடவில்லை. ஓடைத் தண்ணீரில் நைட்ரேட் முதல் வருடமே சுமார் 40 மடங்கு ஏறியது, அடுத்த வருடம் 56 மடங்கு. அதே மண், அதே மழை. பிடித்து வைக்க வேர் இல்லை, அவ்வளவுதான்.

நாற்றங்கால்:
பெரியவர்கள் பேச்சில் நடைமுறைக் கேள்வியோடு நுழைகிறேன். காட்டில் நடுவதற்கான கன்றுகள் வளர்க்கிறேன். இலையுதிர் சொன்னதைப் பார்த்தால் நட்ட பிறகு குழியில் உரம் வைப்பதைவிட நாற்றங்காலிலேயே கன்றின் உடம்பில் ஏற்றிவிடுவது நல்லதா?

இலையுதிர்:
ஆமாம், அதைத்தான் கனடாவில் கருப்பு ஸ்புரூஸ் கன்றுகளுக்குச் செய்து காட்டினார்கள். கன்று வளரும் வேகத்துக்கு ஏற்ப உர அளவை வாரவாரம் கூட்டிக்கொண்டே போவார்கள். தேவைக்குமேல் உறிஞ்சியது உயரமாகாமல் சேமிப்பாகத் தங்கும். நட்ட இடத்தில் அது அந்தச் சேமிப்பைக் கொண்டே புது ஊசி விட்டுக் களைகளை முந்திக்கொள்ளும். குழியில் வைத்த உரத்தையோ பக்கத்துக் களைதான் முதலில் மோப்பம் பிடிக்கும்.

ஓய்வுக்காலம் உள்ள இனங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நுனிமொட்டு கட்டி உயர வளர்ச்சி நின்றபிறகு கடைசியாக ஒருமுறை மிதமாகக் கொடுங்கள். வளர்ச்சி நடக்கும்போது கொட்டினால் தண்டு இளசாக நீண்டு குளிரிலோ வறட்சியிலோ மடங்கிவிடும்.

நாற்றங்கால்:
கவாத்து? நான் ஓய்வுக்காலத்தில் கிளை நுனிகளை வெட்டிவிடுகிறேன்.

இலையுதிர்:
இலையுதிர் மரமா, பசுமை மாறாததா?

நாற்றங்கால்:
இரண்டும் இருக்கிறது. இதுவரை ஒரே மாதிரிதான் வெட்டுகிறேன்.

இலையுதிர்:
இலையுதிர் மரத்தில் ஓய்வுக்காலத்தில் சேமிப்பு முழுக்கப் பட்டையிலும் கட்டையிலும் வேரிலும் இருக்கும். மெல்லிய நுனிக் குச்சியில் கட்டையைவிடப் பட்டையின் விகிதம் அதிகம், அதனால் அதை நிறைய வெட்டினால் எடைக்கு மீறிய நைட்ரஜன் போகும். வடிவத்துக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள். பசுமை மாறாததில் பழைய இலைதான் கிடங்கு. புதுத் தளிர் முற்றும்வரை கீழ் இலைகளை "வயசாச்சு" என்று கிள்ளிப் போடாதீர்கள். அவை தானாக மஞ்சளாகி விழட்டும். எந்த இனங்கள் என்று சொல்லுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.